பொம்மை பன்னுக்கு முன்னால் ஒரு கூடை ஹார் காவ்

தேநீரோடு சின்னச் சின்னக் கூடைகளில் வரும் சிற்றுண்டிதான் டிம் சம். ஹாங்காங்கில் அந்தக் கடைக்குப் பஞ்சமே இல்லை. ஆனாலும் ஊரிலிருந்து குழந்தைகளோடு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிக் கடையைத்தான் கேட்கிறார்கள். கண்ணும் வாயும் வைத்த பன், மூக்கு வைத்த பன்றிக்குட்டி, கூண்டுக்குள் உட்கார்ந்தபடி வரும் அன்னாசிக் குருவி. இன்ஸ்டாகிராமில் பார்த்துவிட்டுத்தான் விமானமே ஏறுகிறார்கள். யம் சா என்ற உணவகம்தான் இந்த வகையை உலகத்துக்கே தெரியவைத்தது. இப்போது மால்களில் தளத்துக்கு ஒன்றாவது இதே பாணியில் இருக்கிறது. பெயர் பெற்றதும் உண்டு, பார்த்துப் போட்ட நகலும் உண்டு.

இங்கே வேலை பார்க்கும் எனக்கு, வருகிற சொந்தக்காரர்களை இந்தக் கடைகளுக்குக் கூட்டிப் போவது கிட்டத்தட்ட இன்னொரு வேலை. கடைசியாக வந்தது திருச்சியிலிருந்து அக்காவும் அத்தானும் அவர்களுடைய இரண்டு பிள்ளைகளும். அவர்களோடு போன கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் அங்கே நான் கண்ட குறைகளையும் எழுதப் போகிறேன்.

மெனு கைக்கு வந்ததும் பிள்ளைகள் பன்றிக்குட்டிப் படத்தில் விரலை வைத்துவிட்டார்கள். நான் முதலில் சொன்னது ஒரு கூடை ஹார் காவ், அதாவது இறால் வைத்து ஆவியில் வேகவைத்த சாதாரணப் பழைய பண்டம். "இதைத் திங்கவாடா இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்த?" என்றாள் அக்கா. இருக்கட்டும். எந்தப் புதுக் கடைக்குப் போனாலும் முதலில் இதுதான். இதற்குக் கண்ணும் கிடையாது, காதும் கிடையாது. சமையலறைக்குக் கை இருக்கிறதா என்று இது சொல்லிவிடும்.

ஹார் காவின் தோல் மைதா இல்லை. கோதுமை மாவிலிருந்து க்ளூட்டனைக் கழுவி எடுத்த பிறகு மிஞ்சும் ஸ்டார்ச்சோடு கொஞ்சம் மரவள்ளி மாவு சேர்த்து, கொதிக்கிற தண்ணீரை ஊற்றிக் கிளறிப் பிசைவார்கள். கொழுக்கட்டைக்கு மேல்மாவு கிளறுகிற அதே வேலைதான். தண்ணீர் சரியான கொதியில் இல்லையென்றால் தோல் விரிசல் விட்டுவிடும் என்பது உட்பட எல்லாம் ஒன்று. பிறகு எண்ணெய் தடவிய அகலக் கத்தியின் பட்டையான பக்கத்தை உருண்டை மேல் வைத்து ஒரு அழுத்து அழுத்தி ஒரு சுழற்று சுழற்றினால் வட்டமாக மெல்லிசாக விரிகிறது. பூரிக்கட்டைக்கு வேலையே இல்லை. ஒரு பக்கம் மட்டும் நெருக்கமாக மடிப்பு வைத்து மூடுவார்கள். ஆவியில் சில நிமிஷம், அவ்வளவுதான்.

மேசைக்கு வந்ததும் நான் பார்ப்பது இது. உள்ளே இருக்கும் இறாலின் சிவப்பு தோல் வழியாகத் தெரிய வேண்டும். சாப்ஸ்டிக்கால் தூக்கும்போது அடிப்பகுதி காகிதத்தில் ஒட்டிக்கொண்டு கிழியக் கூடாது. கடித்தால் இறால் பல்லுக்கு நறுக்கென்று இருக்க வேண்டும். அதற்காக இறாலைக் குளிர்ந்த நீரில் வெகு நேரம் அலசுகிறார்கள். அன்று வந்ததில் தோல் நன்றாகவே இருந்தது. ஒன்று மட்டும் மடிப்பு முனையில் காய்ந்திருந்தது, ஆவியிலிருந்து இறக்கிக் கொஞ்ச நேரம் வைத்திருந்திருப்பார்கள். சரி, கை இருக்கிறது, வேகம்தான் இல்லை என்று மனதில் குறித்துக்கொண்டேன். அன்று முழுக்க அது அப்படியேதான் நடந்தது.

அக்கா கோழி, மீன், இறால் எல்லாம் சாப்பிடுவாள், பன்றியும் மாடும் தொடமாட்டாள். "இது இறால்தானே, நான் எடுத்துக்கலாம்ல?" என்று சாப்ஸ்டிக்கை நீட்டினாள். "இரு அக்கா, கேட்டுட்டுச் சொல்றேன்" என்று நிறுத்தினேன். பரிமாற வந்த பெண்ணிடம் இதில் பன்றி இறைச்சி உண்டா என்றால், இல்லை, வெறும் இறால் என்றாள். பன்றிக் கொழுப்பு உண்டா என்றேன். ஒரு நிமிஷம் என்று உள்ளே போய் வந்து, ஆமாம், கொஞ்சம் சேர்ப்போம் என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. இங்கே இறைச்சி வேறு, கொழுப்பு வேறு. பூரணம் வறளாமல் இருக்க ஹார் காவில் பன்றிக் கொழுப்பைப் பொடியாக நறுக்கிச் சேர்ப்பது பழைய வழக்கம்.

பன்றி தவிர்ப்பவர்கள் அதனால் இரண்டு கேள்வியாகவே கேளுங்கள். கான்டனீஸில் "ஜூ யுக்" என்றால் பன்றி இறைச்சி, "ஜூ யாவ்" என்றால் உருக்கிய பன்றிக் கொழுப்பு, "ஃபெய் ஜூ யுக்" என்றால் நறுக்கிப் போடுகிற கொழுப்பு. உச்சரிப்பு முன்னே பின்னே இருந்தாலும் புரிந்துகொள்வார்கள், இல்லாவிட்டால் போனில் எழுதிக் காட்டலாம். கொழுப்பு ஒளிந்திருக்கிற இடங்கள் எதிர்பாராதவை. அடுக்கடுக்காக உதிரும் பேஸ்ட்ரி எதிலும் இருக்கலாம், முட்டை டார்ட்டின் ஓட்டிலும் அந்தக் குருவியின் உடம்பிலும்கூட. சில கடைகளில் வெண்ணெய், சில கடைகளில் கொழுப்பு, கேட்காமல் தெரியாது. முள்ளங்கி கேக் என்று பெயரைப் பார்த்துக் காய்கறி என நினைக்க வேண்டாம், அதில் சீன சாசேஜும் காய்ந்த இறாலும் போடுவது வழக்கம். வதக்கிய கீரை மேல் ஊற்றி வருவது பெரும்பாலும் ஆய்ஸ்டர் சாஸ், அதாவது சிப்பியில் செய்தது. இறால் ஒவ்வாமை உள்ளவர்கள் கூட்டத்தில் இருந்தால் இந்த வகைக் கடையையே யோசித்துக்கொள்ளுங்கள். எல்லாக் கூடையும் ஒரே ஆவி அடுக்கில்தான் ஏறி இறங்குகிறது.

இந்தப் பொம்மை வேலையை இந்தக் காலத்துக் கூத்து என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், எங்கள் அலுவலகத்து ஹாங்காங்காரர்களிலேயே உண்டு. அது சரியில்லை. தென்சீனாவின் குவாங்சோ நகரில் பான்ஷி உணவகத்தின் டிம் சம் மாஸ்டர் லுவோ குன் ஹார் காவ் மாவிலேயே வெள்ளை முயல் செய்து பெயர் வாங்கியவர். மூடிய பிறகு மிஞ்சும் மாவு நுனியைக் கத்தரித்தால் இரண்டு காது, ஹாம் துணுக்கில் கண், கொத்தமல்லித் தழையைப் பரப்பினால் புல்வெளி. ஸ்மார்ட்போன் என்ற ஒன்றை யாரும் கனவில்கூடக் காணாத காலம் அது. அதற்கும் முன்னால், 1920கள், 30களிலேயே குவாங்சோ தேநீர்க் கடைகளில் வாரா வாரம் புதுப் பட்டியல் போடும் போட்டி நடந்திருக்கிறது. விளையாட்டு இந்தத் தொழிலில் பழசுதான்.

அந்த முயலில் எனக்குப் பிடித்தது, காது தனியாக ஒட்டப்படவில்லை என்பது. மாவின் வாலே காதாகிறது. இன்றைய கடைகளில் நான் பிரித்துப் பார்ப்பதும் இதைத்தான். உருவம் மாவிலிருந்து வருகிறதா, மாவின் மேல் ஒட்டியிருக்கிறதா?

முள்ளம்பன்றி பன்னை எடுத்துக்கொள்ளுங்கள். உருண்டையான பன்னின் முதுகில் சின்னக் கத்தரிக்கோலால் வரிசை வரிசையாகக் கிள்ளி விடுகிறார்கள். ஒவ்வொரு கிள்ளும் ஒரு முள். அதை எண்ணெயில் போட்டால் முள் நுனிகள் எல்லாம் முறுகி, அடி மெத்தென்று நிற்கிறது. உருவத்துக்காகச் செய்த வேலை வாயிலும் தெரிகிறது. எங்களுக்கு வந்த தட்டில் ஒன்றை அக்கா மகன் முள் முள்ளாகப் பிய்த்தே தின்றான். காளான் பன்னும் அப்படித்தான். மேலே கோகோ பூச்சு தடவி மாவைப் பொங்க விடுவார்கள். பன் உப்ப உப்பப் பூச்சு வெடித்து, வெடிப்பு விழுந்த நிஜக் காளான் தொப்பி மாதிரியே கோடு கோடாகிறது. யாரும் வரையவில்லை, மாவு தானாக வெடித்தது. உள்ளே காளான் பூரணமும் நன்றாக வதங்கியிருந்தது. அன்றைய சாப்பாட்டில் என் ஓட்டு அதற்குத்தான்.

பாண்டா பன் அந்த ரகம் இல்லை. வெள்ளை மாவில் மூங்கில்கரி சேர்த்த கறுப்பு மாவால் காதும் கண் வளையமும் ஒட்டியிருந்தார்கள். படத்தில் அள்ளிக்கொண்டு போகிறது. வாயில் வைத்தால் மாவு, இன்னும் மாவு, நடுவில் நெல்லிக்காய் அளவுக்குப் பயறு விழுது. கண் விழுந்துவிடாமல் இருக்க வேண்டும் என்பதற்காக மாவைக் கெட்டியாகப் பிசைந்திருப்பார்கள் போல. கூண்டுக் குருவியும் நடுத்தரம். எள்ளுக் கண், உள்ளே அன்னாசி ஜாம், பேஸ்ட்ரி உதிர்ந்தது எல்லாம் சரி, ஆனால் ஆறிப்போய் வந்தது. கூண்டைத் துடைத்துத் தொங்கவிடுகிற நேரத்தில் குருவி ஆறிவிடுகிறது என்றார் அத்தான்.

புதுமை என்றால் கண்தான் வைக்க வேண்டும் என்றும் இல்லை. டிம் ஹோ வான் என்ற உணவகம் 2009இல் மோங் கோக் பகுதியில் சின்னக் கடையாகத் தொடங்கி, உணவகங்களைத் தரம் பிரிக்கும் மிஷ்லின் கையேட்டின் அடுத்த வருஷப் பதிப்பில் நட்சத்திரம் வாங்கியது. நிறுவனர்களில் ஒருவரான மாக் க்வாய் புய், போர் சீசன்ஸ் ஓட்டலின் லுங் கிங் ஹீனில் வேலை பார்த்தவர். அவருடைய கடையின் பேர்போன பண்டம், ஆவியில் வேகும் பன்றி பன்னை அடுப்பில் சுட்டு, மேலே பேக்கரி பன்னின் இனிப்பு மொறுமொறுப்பை ஏற்றியது. பார்க்க ஒரு சாதாரண பன். யோசனை முழுக்க ஓட்டில் இருக்கிறது.

இனி எல்லோரும் காத்திருந்த அந்தக் கண் வைத்த பன். லாவ் சா பாவ் என்று பெயர். பூரணம், உப்பில் ஊறிய வாத்து முட்டையின் மஞ்சள் கரு, வெண்ணெய், சர்க்கரை, பால் பவுடர், கஸ்டர்ட் பவுடர். இதைக் குளிரில் இறுக வைத்து உருண்டையாக்கி மாவுக்குள் மூடுகிறார்கள். ஆவியில் மாவு வேகும்போதே உள்ளே உருகிக் குழம்பாகிறது. அதிகமாக வெந்தால் அடி பிளந்து ஒழுகிவிடும், மேசையில் ஆறவிட்டால் திரும்பக் கெட்டியாகும். சரியான நேரம் கொஞ்சம்தான்.

இதில் வாய் இருக்க வேண்டிய இடத்தில் சாப்ஸ்டிக்கால் குத்துவதுதான் ஹாங்காங் விளையாட்டு. குத்தினான் பையன். ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. பன்னை இரண்டு விரலால் லேசாக அமுக்கியதும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது, பிறகு கொழகொழவென்று தாடை வழியாக இறங்கியது. "மாமா, வாந்தி எடுக்குது!" என்று கூவினான். பக்கத்து மேசைக்காரர்களுக்குத் தமிழ் தெரியாதது நல்லதாகப் போயிற்று. "சாப்பிடுற இடத்துல என்னடா பேச்சு" என்று அக்கா அதட்ட, சின்னவள் தன் பன்னைக் கையால் மூடிக்கொண்டாள். அது அவளைப் பார்த்துச் சிரிக்கிறதாம், குத்தக் கூடாதாம். கடைசியில் அது ஆறி இறுகியபிறகு அத்தான் வாயில் போனது.

சிரிப்பு ஒருபுறம் இருக்க, இந்த பன் நாக்கைச் சுட்டுவிடும். வெளியே மாவு தொடும் சூட்டில் இருக்கும்போது உள்ளே வெண்ணெயும் சர்க்கரையும் சேர்ந்த குழம்பு கொதிநிலைக்குப் பக்கத்தில் இருக்கிறது, ஒட்டவும் செய்கிறது. குழந்தை கையில் முழுசாகக் கொடுக்காதீர்கள். தட்டில் வைத்து, மேலே சின்னதாகப் பிய்த்து ஆவி போகவிட்டு, முதலில் பன்னைத் தொட்டுத் தொட்டுச் சாப்பிடச் சொல்லுங்கள். போட்டோ எடுப்பவர்கள் முதல் இரண்டு நிமிஷத்துக்குள் எடுத்து முடித்துவிடுங்கள். ஒருவர் மட்டும் எடுத்தால் போதும், பிறகு வாட்ஸ்அப்பில் பகிர்ந்துகொள்ளலாம். ஆறு போன் ஒரே கூடையைச் சுற்றும் மேசையில் தோல் காய்ந்துபோவதைக் கண்ணால் பார்க்கலாம்.

ஆர்டர் கொடுப்பதில் இருக்கும் சூட்சுமமும் இதேதான். பெரும்பாலான கடைகளில் பட்டியல் காகிதத்தில் டிக் அடித்துக் கொடுக்க வேண்டும், அல்லது கியூ.ஆர். குறியீடு. எல்லாவற்றையும் ஒரே தடவையில் டிக் அடித்தால் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து குவியும், பாதி ஆறும். உப்புப் பண்டங்களை இரண்டு பாகமாகச் சொல்லி, கண் வைத்தவற்றைத் தனியாகக் கடைசியில் சொல்லுங்கள். கூடைக்கு எத்தனை உருப்படி என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். மூன்று வருவதும் உண்டு, நான்கு வருவதும் உண்டு. பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கும் மேசையில் மூன்று பன்றிக்குட்டி வந்தால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சில கடைகளில் ஒரு உருப்படி கூடுதலாகக் கேட்டால் அதற்கு மட்டும் விலை போட்டுக் கொடுக்கிறார்கள்.

மேசைக்கு நேர வரம்பு உண்டா என்று முன்பதிவின்போதே கேட்பது நல்லது, வாரக் கடைசியில் ஒன்றரை மணி நேரத்தில் எழுப்பிவிடும் இடங்கள் இருக்கின்றன. வேலை நாளில் மதியம் 2 மணிக்கு மேல் போனால் நிம்மதி. பழைய பாணிக் கடைகள் அந்த நேரத்தில் விலையையும் குறைக்கும், இந்தப் புதுக் கடைகளில் அந்தச் சலுகையை எதிர்பார்க்காதீர்கள். பொதுவாகவே இங்கே கூடைக்குக் கொடுப்பது பக்கத்துத் தெருக் கடையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. பில்லில் தேநீருக்கு ஆளுக்கு இவ்வளவு என்று தனியாக இருக்கும், குடிக்காவிட்டாலும் இருக்கும். உட்கார்ந்ததும் கேட்காமலே வைக்கிற வேர்க்கடலை, ஊறுகாய் வகையறாவும் இலவசம் இல்லை, வேண்டாமென்றால் அப்போதே திருப்பி அனுப்பிவிடலாம். கடைசியில் 10 சதவீத சேவைக் கட்டணம். அதற்கு மேல் டிப்ஸ் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

தேநீரை அலட்சியம் செய்யாதீர்கள். இவ்வளவு வெண்ணெய்க்கும் கொழுப்புக்கும் நடுவில் போ லெய் என்ற கறுப்பான தேநீர் ஒரு வாய் குடித்தால்தான் அடுத்த கூடைக்கு நாக்கு தயாராகிறது. பிள்ளைகளுக்குச் சாமந்திப்பூ தேநீர் கேட்கலாம். தன் கோப்பைக்கு முன்னால் மற்றவர்கள் கோப்பையை நிரப்புவது மரியாதை. ஊற்றுகிறவருக்கு நன்றியாக இரண்டு விரலை மடித்து மேசையில் தட்டுவார்கள். சீனப் பேரரசர் கியான்லாங் மாறுவேஷத்தில் வந்து வேலையாளுக்குத் தேநீர் ஊற்றியதாகவும், மண்டியிட்டு வணங்க முடியாத அந்த ஆள் விரலை மடித்துத் தட்டியதாகவும் அதற்கு ஒரு கதை உண்டு. பையன் இதைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் ஊற்றினால்கூடத் தட்டினான். கெட்டில் காலியானால் மூடியைச் சாய்த்து வைத்தால் போதும், கூப்பிட வேண்டாம். பழைய தேநீர்க் கடையில் கிண்ணத்தையும் கோப்பையையும் முதல் தேநீரால் கழுவுவார்கள், அதற்கென்று பாத்திரமே கொண்டுவந்து வைப்பார்கள். இந்தப் புதுக் கடைகளில் அதைச் செய்யாதீர்கள், ஊற்ற இடமும் இருக்காது.

அத்தானுக்கு ஒரே குறை. "கோழிக்கால் இல்லையா மாப்ளே?" என்று மெனுவை இரண்டு முறை புரட்டினார். இல்லை. பொரித்து, ஐஸ் தண்ணீரில் ஊறவைத்து, கறுப்பு பீன்ஸ் மசாலாவில் வேகவைத்து, திரும்ப ஆவியில் ஏற்றுகிற அந்தக் கோழிக்காலுக்குப் படத்தில் அழகு கிடையாது. அதனால் பொம்மைக் கடைகள் பலவற்றில் அது பட்டியலை விட்டே போய்விட்டது. மறுநாள் காலை நானும் அவரும் மட்டும் சென்ட்ரல் பக்கம் போனோம். சிட்டி ஹாலில் இருக்கும் மாக்சிம்ஸ் பேலஸில் இன்னும் தள்ளுவண்டியில் கூடைகள் வருகின்றன. வண்டிக்காரம்மாவிடம் விரலால் காட்டினால் போதும். நான்கு காலைத் தனியாகத் தீர்த்து, எலும்பை ஒரு ஓரமாக அடுக்கிவிட்டு, "இதுக்கு எதுக்கு கண்ணு" என்றார். பிள்ளைகள் இருந்திருந்தால் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

சுத்த சைவக்காரர்களை இந்தப் பொம்மைக் கடைகளுக்குக் கூட்டிப்போய்க் காய்கறி பன் ஒன்றை மட்டும் முன்னால் வைத்து உட்காரவைப்பது பாவம். டயமண்ட் ஹில் பகுதியில் "நான் லியன்" என்ற பூங்காவுக்குள், சி லின் என்ற பௌத்தப் பிக்குணிகள் மடத்தின் சைவ உணவகம் இருக்கிறது. அருவிக்குப் பின்னால் கட்டியிருப்பதால் பிள்ளைகளுக்கும் வேடிக்கை உண்டு. ஹலால் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு வான் சாய், ஓய் குவான் சாலையில் அம்மார் பள்ளிவாசல் இருக்கும் இஸ்லாமிய மையத்தின் 5ஆம் மாடி கேன்டீன். ஹார் காவும் பன்னும் அங்கே பன்றியில்லாமலே செய்கிறார்கள், கறி பன்னில் கோழி, மாடு. பகலில் போங்கள், வெள்ளிக்கிழமை தொழுகை முடிகிற நேரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். லிப்ட் வரிசையே வெளியே வரை நிற்கும்.